பதினெட்டுப் பலகைகளுக்கும் பொட்டு

போன மாதம் என் மகள் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. படூரில், அவர்கள் குடியிருப்புக்கு எதிர்ச் சந்தில் ஒரு ரிப்பேர் கடை இருக்கிறது. தூக்கிக்கொண்டு போனேன். கடையை நடத்துகிறவர் நாற்பது வயதுப் பெண்மணி. நான்கு திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்து மதர்போர்டைக் காட்டினார். அதன் ஓரமெல்லாம் செருகுவாய்கள். கீபோர்டுக்கு, நெட் ஒயருக்கு, படம் காட்டும் திரைக்கு, டிஸ்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய். டிஸ்க் என்று அவர் உருவி எடுத்தது ஒரு சூயிங்கம் பட்டை அளவுதான் இருந்தது. அதன் முனையில் பொன்னிறக் கோடுகள். அவர் டிராயரைத் திறந்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பர் ஒன்றை எடுத்தார், அந்தக் கோடுகளை அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா சார் சிரிக்கிறீங்க? இவ்ளோ பெரிய மிஷினுக்கு ரப்பரான்னா?"

"இல்லம்மா. நானும் இதே வேலையத்தான் முப்பத்தஞ்சு வருஷம் பார்த்தேன்."

அவர் நம்பவில்லை. எனக்கு அடுத்தபடியாக நின்றிருந்த ஆளும் நம்பவில்லை. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற அந்த ஆள் சற்று நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னார். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்புகளுக்கு நடுவில், கடல் அலையின் உயரத்தை அளந்து எழுதும் ஓர் அலுவலகம் இருந்தது. பெயர் வேண்டாம், இப்போது அது இல்லை. திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் ஏர் பிடித்த குடும்பத்திலிருந்து நான் அங்கே டெக்னீஷியனாகப் போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் சென்னையில் ஆறு மாதப் பயிற்சி. பயிற்சியில் கம்ப்யூட்டரைக் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார்கள். நிஜ இயந்திரம் பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் ஆறு மாதமும் விடுப்பில் இருந்தார்.

ஆகவே கம்ப்யூட்டரை நான் முதன்முதலாகத் தொட்டது இந்தக் கடற்கரையில்தான். மினி கம்ப்யூட்டர் என்பார்கள். மினி என்றால் இரும்பு பீரோ உயரம். இப்போது மதர்போர்டு என்கிறார்களே, அந்த இடத்தில் எங்களுக்குப் பீரோவின் முதுகோடு முதுகாக ஒரு பெரிய சட்டம் இருந்தது. அதில் பதினெட்டு நீள வாய்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு பச்சைப் பலகை போய்ச் செருகி நிற்கும். கணக்குப் போட ஒரு பலகை, நினைவுக்கு நான்கு, டைப் அடிக்கும் இயந்திரத்தோடு பேச ஒன்று, டிஸ்கோடு பேச மூன்று என்று போகும். பலகையின் செருகும் ஓரத்தில் தங்கம் பூசிய சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், அவற்றுக்கு விரல்கள் என்று பெயர். டிஸ்க், பக்கத்தில் தனிப் பெட்டியில் இருந்தது. தோசைக்கல் அகலம். பலகைக்கும் அதற்கும் நடுவே பட்டையான ஒயர் ஒன்று போகும்.

அந்த அறைக்கு ராஜா நடேசன் சார். சட்டைப் பையில் இரண்டு பேனா, ஒன்று எழுத, ஒன்று முதல் பேனா எழுதாவிட்டால் எழுத. அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி, கடல் உப்பு. காற்றில் வரும் உப்பு விரல்களில் படிந்து தொடர்பை அறுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை அவர் வைத்துக்கொண்டிருந்த விதம் வேறு. காலையில் வந்ததும் வெளி ஜன்னல் கம்பியை ஆட்காட்டி விரலால் ஒரு தடவு தடவி நாக்கில் வைத்துக்கொள்வார். கண்ணை மூடுவார். பிறகு பதிவேட்டில் அன்றைய உப்பை எழுதுவார். சொற்பம், மிதம், அதிகம் என்று மூன்று தரம். புயல் நாட்களுக்கென்று நான்காவதாக ‘ஊறுகாய்’ என்று ஒன்றும் உண்டு. விளையாட்டில்லை, அரசாங்கப் பதிவேட்டில் சிவப்பு மையில் அப்படித்தான் எழுதினார்.

இயந்திர அறைக்குள் யாரும் நேராகப் போய்விட முடியாது. முன்னறையில் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் மூன்று நிமிடம் உட்கார்ந்து வேர்வை ஆற வேண்டும். வேர்வையில் உப்பு இருக்கிறதல்லவா? அறைக்குள் பலகையைக் கழற்றும்போது பேசக் கூடாது, எச்சிலிலும் உப்பு. அழக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

பலகை துடைப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மின்சாரத்தை நிறுத்தி இருபது எண்ண வேண்டும். இரண்டு கட்டைவிரலாலும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும், ஒரு பக்கம் முந்தினால் விரல்கள் கீறும். வெள்ளைத் துணி மேல் படுக்கவைத்து ரப்பரால் மேலிருந்து கீழாகப் பதினோரு இழுப்பு, திருப்பிப் போட்டு இன்னொரு பதினோரு இழுப்பு. கீழிருந்து மேலே தேய்த்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். உதிர்ந்த ரப்பர் தூளை வாயால் ஊதக் கூடாது, ஓவியத் தூரிகையால் தள்ள வேண்டும். திரும்பச் செருகி, பதிவேட்டில் பலகை எண், நேரம், அன்றைய உப்பு, கையெழுத்து.

"பதிவேட்டுல இல்லாதது நடக்கவே இல்லை, மணிவேல்" என்பார். அவருடைய வேதமே அதுதான்.

ரப்பர் வாங்குவது தனிக் கதை. ஸ்டோரில் இருந்தவர் காதர் பாய், புதுப்பட்டினத்துக்காரர். அவர் குடும்பத்துக்கு அங்கே கடைத்தெருவில் அத்தர், சந்தனம், ஊதுவத்தி விற்கும் கடை. விதிப்படி ரப்பர் என்பது எழுத்தர்களுக்கான பொருள், டெக்னீஷியனுக்குக் கிடையாது. "இன்னா எழுதி குடுக்கறது சொல்லு? மிஷினுக்கு ரப்பர்னா மெட்ராஸ்ல கேள்வி கேப்பான். ‘எழுத்துப் பிழை திருத்த’ன்னு போட்டுடு" என்றார் பாய். வாரா வாரம் அப்படியே எழுதிக் கொடுத்தேன். வருஷ முடிவில் தணிக்கைக்கு வந்தவர், இந்த அலுவலகத்திலேயே அதிகப் பிழை செய்கிற ஊழியர் நான்தான் என்றும், எனக்குக் கையெழுத்துப் பயிற்சி தர வேண்டும் என்றும் குறித்துவிட்டுப் போனார்.

நான்காவது ஆள் சகுந்தலா அக்கா. செங்கல்பட்டிலிருந்து ஆபீஸ் பஸ்ஸில் வருவார். பதினான்கு மாத அலை அளவுகளை, நோட்டுப் புத்தகங்களிலிருந்து எண் எண்ணாக டைப் அடித்து டிஸ்கில் ஏற்றியவர் அவர்தான். அந்த வேலையில் ஒரு தப்பு இருந்து நான் பார்த்ததில்லை. ஆனாலும் தினக்கூலிதான், ஒரு கடிதம் வந்தால் மறுநாள் வர வேண்டாம். வீட்டில் படுத்த படுக்கையாக மாமனார், பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்கள், அச்சகத்தில் கை நசுங்கி வீட்டோடு இருந்த கணவர். அந்த வீடு இவர் ஒருவர் கையில் நின்றது.

அக்கா தினமும் தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொண்டு வருவார். உள்ளே பூவுக்குத் தடை. நடேசன் சாரே முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து அதற்கு மேல் ‘பூ’ என்று எழுதி ஒட்டியிருந்தார். காலையில் அக்கா பூவை எடுத்து அந்த ஆணியில் மாட்டுவார், சாயங்காலம் எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார்.

ஆயுத பூஜை வந்தது. விடுமுறைக்கு முந்தின நாள் மதியம் அலுவலகத்தில் பூஜை. இயந்திரத்தை நிறுத்தியாயிற்று. நடேசன் சார் பூசணிக்காய் பார்த்து வாங்கத் தானே கிளம்பினார், வேறு யார் வாங்கினாலும் அவருக்குப் பிடிக்காது. போகும்போது வாசலில் திரும்பிச் சொன்னார்: "மணிவேல், நீ பொட்டு வெச்சிடு. ஒண்ணும் விட்டுப் போகக் கூடாது. எல்லாத்துக்கும் வைக்கணும்."

பாய் கடையிலிருந்து வந்த சந்தனத்தைக் குழைத்தேன். அளக்கும் கருவிகளுக்கு வைத்தேன், டைப் இயந்திரத்துக்கு வைத்தேன், ஸ்டூலுக்கு வைத்தேன், தீயணைப்பு வாளிகளுக்கு வைத்தேன். பீரோவின் கதவுக்கும் வைத்தேன். அப்புறம் யோசனை வந்தது. எல்லாத்துக்கும் என்றாரே. கதவா கணக்குப் போடுகிறது? உள்ளே பதினெட்டு பேர் வருஷம் முழுக்க உழைத்திருக்கிறார்கள், பொட்டு கதவுக்கா?

ஒவ்வொரு பலகையாக வெளியே எடுத்தேன். முறைப்படி இருபது எண்ணி, இரண்டு கட்டைவிரலால். எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. எங்கள் வீட்டில் ஏருக்குப் பொட்டு வைத்தால் கைப்பிடியில் வைக்க மாட்டார்கள், மண்ணைக் கிழிக்கிற கொழுவில் வைப்பார்கள். அரிவாளுக்குப் பிடியில் அல்ல, அலகில். வேலை செய்கிற முனைக்குத்தான் மரியாதை. பலகைக்கு வேலை செய்கிற முனை எது? விரல்கள். அவையும் தங்க நிறம், லட்சுமிகரம். எனக்குள் இருந்த படிப்பு லேசாக முனகத்தான் செய்தது. அதைச் சமாதானப்படுத்த, ஓரத்துக் கடைசி விரலில் மட்டும் வைத்தேன், அது சும்மா இருக்கும் விரல் என்று நானாக நினைத்துக்கொண்டு. பதினெட்டுக்கும் சந்தனம், அதன் மேல் குங்குமம். அழகாகவே இருந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பச் செருகினேன். செருகும்போது அந்த ஈரச் சந்தனம் வாய் முழுக்க இழுபட்டுப் பூசிக்கொள்ளும் என்று தோன்றவே இல்லை. படித்த முட்டாள் என்று ஊரில் சொல்வார்கள், அது நான்தான்.

பதிவேட்டில் எழுதவில்லை. பூஜையை எப்படி எழுதுவது?

சனி ஞாயிறோடு சேர்த்து நான்கு நாள் விடுமுறை கழிந்து புதன்கிழமை காலை இயந்திரத்தைப் போட்டோம். அந்தக் காலத்தில் அது தானாக எழுந்திருக்காது. முகப்பில் வரிசையாக விசைகள் இருக்கும், ஒவ்வோர் எண்ணாக மேலும் கீழும் தட்டி, எப்படி எழுந்திருக்க வேண்டும் என்று நாம்தான் அதற்குச் சொல்ல வேண்டும். சார் தட்டினார். டைப் இயந்திரம் கடகடவென்று ஒரு வரி கேள்விக்குறிகளை அடித்துவிட்டு நின்றது. மறுபடி தட்டினார். இப்போது மணி அடித்தது, ஒரு தடவை அல்ல, நிறுத்தாமல். டிஸ்க் வாயே திறக்கவில்லை. பதினான்கு மாத அலையும் அதற்குள் இருந்தது, வேறு பிரதி கிடையாது.

அரை மணி ஓடியதும் இயந்திரம் சூடேறியது. அறையில் கமகமவென்று ஒரு வாசனை எழுந்தது.

நடேசன் சார் மூக்கை உயர்த்தினார். பீரோவைச் சுற்றி ஒரு வலம் வந்தார். "பூ" என்றார்.

அவர் அக்காவைப் பார்த்தார். "உள்ள பூ விழுந்திருக்கு. இதழ் உள்ள போய் டிஸ்க்குல ஒட்டிக்கிச்சு. அம்மா, நீங்க பூவோட உள்ள வந்திருக்கீங்க."

"இன்னா சார் இது அநியாயமா கீது? தெனம் அந்த ஆணிலதான மாட்றேன்? உங்க கண்ணு முன்னாலதான?"

"வாசனை பொய் சொல்லாது."

விசாரணை என்று அறிவித்துவிட்டார். பீரோவின் கதவில் காகிதப் பட்டை ஒட்டி, பம்பாயிலிருந்து கம்பெனி இன்ஜினீயர் வரும்வரை ஒருவரும் தொடக் கூடாது என்றார். இன்ஜினீயர் வர பத்து நாள் ஆகும். அதற்கு முன் வெள்ளிக்கிழமைத் தபால் பையில், அக்காவை வேலையிலிருந்து எடுத்துவிடும்படி சென்னைக்கு எழுதிவிடப் போவதாகவும் சொன்னார். அதை அக்காவின் முகத்துக்கு எதிரேயே சொன்னார். அவரிடம் ஒளிவுமறைவு கிடையாது, அதுதான் அவரிடம் இருந்த கஷ்டமே.

அந்த வாசனை எதுவென்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான், எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. திறக்காவிட்டால் அக்கா போக வேண்டும். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி வாக்கில் காதர் பாய் ஒரு காகிதக் கட்டோடு முன்னறை வரை வந்தார். மூக்கை ஒரு முறை சுருக்கினார். என்னைத் தோளைப் பிடித்துச் சவுக்கு மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மல்லிப்பூன்னு சொல்றாரா ஒங்க சாரு?"

"ஆமா பாய்."

"மல்லி எங்கனா ரோசா வாசனை அடிக்குமா? எங்க வாப்பா சந்தனத் தூள்ல ஒரு சொட்டு ரோசா அத்தர் வுடுவாரு. இந்த ஜில்லாவுல வேற யாரும் வுட மாட்டான். அது எங்க கடை சந்தனம்டா. மிஷினு வயித்துக்குள்ள எப்டி போச்சு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பாய் கிட்டே வந்து கேட்டார்: "எத்தினி பலகைக்கு?"

"பதினெட்டு."

"அட பேமானி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஜும்மாவுக்குப் போறேன். ஸ்டோர் சாவி மேசை மேலயே கீது. ரப்பர் டப்பா ரெண்டாவது தட்டு. நான் எதையும் பாக்கல, நீயும் எழுதிக் குடுக்காத" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

நடேசன் சார் மதியம் தயிர் சாதம் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து சரியாக நாற்பது நிமிடம் தூங்குவார். அந்த நாற்பது நிமிடத்தில் பதினெட்டுப் பலகை. காகிதப் பட்டையைப் பிளேடால் சீவித் திறந்தேன். முதல் பலகை கையோடு வரவில்லை, காய்ந்த சந்தனம் பிடித்துக்கொண்டது. விரல்கள் எல்லாம் மஞ்சளும் சிவப்புமாக, கல்யாண வீட்டுப் பத்திரிகை ஓரம் மாதிரி இருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, ரப்பரால் பதினோரு இழுப்பு, திருப்பிப் பதினோரு இழுப்பு. அவசரத்திலும் என்னால் பத்தில் நிறுத்த முடியவில்லை, அவ்வளவு பழக்கியிருந்தார் மனிதர். சட்டத்தின் வாய்களைத் தூரிகையால் சுரண்டினேன். ஐந்து ரப்பர் தீர்ந்தது. கடைசிப் பலகையைச் செருகும்போது பக்கத்து அறையில் நாற்காலி கிரீச்சிட்டது.

நல்லவேளை, சார் முகம் கழுவக் கொல்லைப்பக்கம் போனார். விசைகளைத் தட்டினேன். இயந்திரம் எழுந்தது. டைப் இயந்திரம் ஒழுங்காக, ஒரு கேள்விக்குறி இல்லாமல், தயார் என்று அடித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உப்புதான், பரவாயில்லை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் டிஸ்க் பேசவில்லை. விளக்கு எரிகிறது, தட்டு சுற்றுகிறது, கேட்டால் பதிலில்லை. நாலு தடவை கேட்டேன். பதினெட்டையும் துடைத்தாயிற்று, இனி துடைக்க என் மேல்தான் ஏதாவது இருக்க வேண்டும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கிழிந்த காகிதப் பட்டையைப் பசை வைத்து ஒட்டினேன். உண்மையில் கெட்டுவிட்டது, என்னால் பதினான்கு மாதமும் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்போதும் வாய் வரவில்லை.

நாலு மணிக்குச் சார் தபால் பையைக் கட்டி, அரக்கை உருக்கி முத்திரை வைத்து பஸ்ஸுக்கு அனுப்பினார். அக்கா முன்னறையில் ஆணியிலிருந்து பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"தம்பி, திங்கக்கெழம நான் வரலன்னாலும் அந்த ஆணிய புடுங்கிடாதீங்க. வர்றவளுக்கு ஆவும். இந்தக் காத்துல பூவ எங்கனா வெச்சா பறந்துடுது."

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு பஸ்ஸில் போய் உட்கார்ந்தார். இரண்டு நாளாக வராத வாய் அப்போது வந்தது. நேரே சார் முன்னால் போய் நின்றேன், முன்னறையில் மூன்று நிமிடம் உட்காராமல்.

"சார், பூ இல்ல சார். சந்தனம். நான்தான் வெச்சேன். பதினெட்டு பலகைக்கும், விரல் மேல."

அவர் இரண்டு பேனாவையும் எடுத்து மேசை மேல் வைத்தார். "பலகையெல்லாம் வெளிய எடுத்தியா?"

"எடுத்தேன் சார்."

"பதிவேட்டுல எழுதினியா?"

"இல்ல சார்."

"எழுதல!" சந்தனம் வைத்ததைவிட அது அவருக்குப் பெரிய அடி. "பதினெட்டு பலகைய எடுத்து, எழுதல!"

"இன்னிக்கு மறுபடியும் எடுத்துத் துடைச்சுட்டேன் சார். அதையும் எழுதல. மிஷினு எழுந்துடுச்சு. டிஸ்க் மட்டும் பேச மாட்டேங்குது."

இதைக் கேட்டதும் அவர் கோபம் நடுவழியில் நின்றது. முகம் ஒரு மாதிரி ஆயிற்று. என்னைப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனார், நானும் பின்னாலேயே போனேன். டிஸ்க் பெட்டிக்குப் பின்புறம் முழங்காலிட்டு, பட்டை ஒயரின் செருகியை மெல்ல உருவினார். அதன் ஊசிகளுக்கு நடுவே வெள்ளையாக ஏதோ நிறைந்திருந்தது. விரலால் தொட்டார். வழக்கப்படி நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை, நெற்றியில் பூசிக்கொண்டார்.

"மலைக்கோயில் திருநீறு" என்றார். "பலகையெல்லாம் உடம்பு. டிஸ்க்குதான் உசுரு. அதுக்கு மட்டும் நானே வெச்சேன். செருகியக் கழட்டி, ஒரு சிட்டிகை." அப்புறம் மிக மெதுவாக, "நானும் எழுதல" என்றார்.

அந்த மனிதருக்கு எதிரில் நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வரவும் இல்லை. தூரிகையை எடுத்து நீட்டினேன். ஊசி ஊசியாக இரண்டு பேரும் துடைத்தோம். செருகி, விசையைத் தட்டினோம். டைப் இயந்திரம் ஒரு மூச்சு யோசித்துவிட்டு அலைகளை அடிக்க ஆரம்பித்தது. நாள், நேரம், உயரம். நாள், நேரம், உயரம். சகுந்தலா அக்கா ஏற்றியபடியே, ஓர் எண் பிசகாமல் வந்தது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"பை!" என்று கத்தினார் சார்.

செருப்பு மாட்ட நேரமில்லை. பஸ் கேட்டைத் தாண்டிவிட்டது, ஆனால் அது தோப்பைச் சுற்றிக்கொண்டுதான் சாலைக்கு ஏற வேண்டும். நாங்கள் தோப்புக்குள் குறுக்கே ஓடினோம். சவுக்குக் காய் வெறுங்காலில் குத்தினால் எப்படி இருக்கும் என்று குத்துப்பட்டவருக்குத்தான் தெரியும். ஐம்பது வயது நடேசன் சார் ஒவ்வொரு காய்க்கும் ஒரு துள்ளு துள்ளிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். சாலையில் ஏறி இரண்டு கையையும் விரித்து பஸ்ஸுக்கு எதிரே நின்றார்.

ஓட்டுநர் ஏகாம்பரம் எட்டிப் பார்த்தார். "இன்னா சார், செருப்பு கூட இல்லாம?"

"பையைக் குடு. ஒரு கடிதத்தை எடுக்கணும்."

"அது முடியாது சார். அரக்கு வெச்சிட்டா யார் ஒடச்சாலும் கேசுன்னு நீங்கதான எழுதி ஒட்டிகீறீங்க? தோ, என் தலைக்கு மேலயே கீது பாருங்க."

ஒட்டித்தான் இருந்தது. கீழே சாரின் கையெழுத்து. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. பை இருந்த இடம் இரண்டாவது சீட்டுக்கு அடியில், சகுந்தலா அக்காவின் காலடியில். தன் வேலைக்கு உலை வைக்கும் கடிதத்தின் மேல் கால் வைத்துக்கொண்டு அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் சாலையோரம் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். தானே வைத்த அரக்கைத் தானே கல்லால் உடைத்தார். கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "அம்மா, தப்பு என்னோடது. இவனோடதும்தான். நீங்க திங்கக்கிழமை வாங்க."

அக்கா எழுந்திருக்கவில்லை, அழவும் இல்லை.

"வர்றேன் சார். ஆனா நீங்க வாயால சொல்றது எனக்கு வேணாம். பதிவேட்டுல இல்லாதது நடக்கவே இல்லன்னு நீங்கதான சொல்வீங்க? எழுதுங்க. எழுதாம இந்த வண்டி போவாது."

"போவாது" என்றார் ஏகாம்பரமும், இன்ஜினை அணைத்துவிட்டு.

மறுபடி தோப்புக்குள் ஓடியது நான். அதே காய்கள். பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். சார் பஸ் படிக்கட்டில் உட்கார்ந்து மடியில் அதை விரித்தார். முதல் பேனா எழுதவில்லை. இரண்டாவது பேனாவை எடுத்தார். சந்தனத்தை எழுதினார், பதினெட்டுப் பலகையின் எண்ணையும் எழுதினார், திருநீற்றை எழுதினார். பழுதின் காரணம் என்ற கட்டத்தில் என் பெயரையும் தன் பெயரையும் எழுதினார். தொழுகை முடிந்து, தங்கள் கடையிலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த காதர் பாய் கூட்டத்தைப் பார்த்து இறங்கி, அவர் தோளுக்கு மேலே எட்டி உரக்கப் படித்துக்கொண்டே வந்தார்.

"அதக் காணோமே சார்" என்றார் அக்கா.

சார் பேனாவை ஒரு முறை உதறினார். பிறகு கடைசி வரியாக எழுதினார். பாய் படித்தார்: "பூ காரணமல்ல."

அக்கா குனிந்து பார்த்தார். கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றைய உப்பு என்ற கட்டத்தைச் சார் காலியாகவே விட்டுவிட்டார், நான் பார்த்தவரை அந்தப் பதிவேட்டில் காலியாக இருந்த கட்டம் அது ஒன்றுதான்.

எழுதாமல் பலகையைக் கழற்றியதற்காக என் வேலை நிரந்தரமாவது ஆறு மாதம் தள்ளிப்போயிற்று. தனக்கு என்ன தண்டனை என்று சார் விதிகளில் தேடிப் பார்த்தார், இல்லை. அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பீரோவின் வெளிக் கதவில் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டு ‘பொட்டு இங்கே’ என்று எழுதிவைத்தார். அக்கா திங்கட்கிழமை இரண்டு முழம் பூ வைத்துக்கொண்டு வந்தார். ஆணி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பிறகு அவர் நிரந்தர ஊழியராகி, எனக்கு முன்பே ஓய்வு பெற்றார்.

படூர் கடைக்கு வருகிறேன். அந்தப் பெண்மணி ரப்பரை வைத்துவிட்டு டிஸ்கைத் திரும்பச் செருக மதர்போர்டு மேல் குனிந்தார். தலையில் ஒரு முழம் மல்லிகை முன்னால் சரிந்தது. பக்கத்தில் நின்ற அடையாள அட்டைக்காரர் பதறிப்போய்ச் சொன்னார்: "மேடம், மொதல்ல அந்தப் பூவ எடுத்துடுங்க. உள்ள விழுந்துச்சுன்னா போர்டே போயிடும்."

அந்த அம்மாளின் கை தலைக்குப் போயிற்று.

"வேணாம்மா, இருக்கட்டும்" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடப் பலமாக வந்துவிட்டது, கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "பூ ஒண்ணும் பண்ணாது சார். எழுதி, கையெழுத்தே போட்டிருக்கு."